கல்லூரி அட்டையைக் காட்டி டெக்சாஸில் ஓட்டுப் போட முடியுமா?

வாசகர் கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறோம். இங்கேயே பிறந்த எங்கள் மகளுக்கு 18 முடிந்துவிட்டது, டெக்சாஸ் ஆஸ்டினில் முதலாண்டு படிக்கிறாள். முதல் ஓட்டை அங்கேதான் போடுவேன் என்கிறாள். கல்லூரி ஐ.டி.யில் படம், பெயர், எண் எல்லாம் இருக்கிறதே, அது போதும் என்கிறார் என் கணவர். டாலஸில் இருக்கும் என் அண்ணன் மகன், கல்லூரி அட்டை செல்லாது, துப்பாக்கி லைசென்ஸ் இருந்தால் செல்லும் என்கிறான். நம்பவே முடியவில்லை. அவள் கையில் நியூ ஜெர்சி லைசென்ஸ் இருக்கிறது. பாஸ்போர்ட் இங்கே பேங்க் லாக்கரில் பத்திரமாக இருக்கிறது, ஹாஸ்டலுக்கு அனுப்பப் பயம். பேசாமல் எங்கள் முகவரியிலேயே தபாலில் போடச் சொல்லிவிடலாமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். அவளுடைய அறைத்தோழி கோயம்புத்தூரிலிருந்து மாணவர் விசாவில் வந்த பெண். காம்பஸில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் அவளிடமும் வாக்காளர் படிவத்தை நீட்டினார்களாம். நிரப்பிக் கொடுத்தால் தப்பா?

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பெண் அந்தப் படிவத்தைத் தொடவே கூடாது. இதை இன்றைக்கே உங்கள் மகளிடம் சொல்லி அவளிடம் சொல்லச் சொல்லுங்கள். படிவத்தின் மேலேயே, நீங்கள் அமெரிக்கக் குடிமகனா என்று கேட்டு ஒரு கட்டம் இருக்கும், கீழே கையெழுத்துப் போடும் இடத்தில், சொன்னதெல்லாம் உண்மை, பொய் என்றால் தண்டனைக்கு உட்படுகிறேன் என்ற உறுதிமொழி இருக்கும். குடியுரிமை இல்லாத ஒருவர் அதில் ஆம் என்று டிக் அடித்துவிட்டால், தேர்தல் நாளில் பூத் பக்கமே போகாவிட்டாலும், பொய்யாகக் குடியுரிமை கோரினார் என்று எடுத்துக்கொள்ள அது போதும். குடிவரவுச் சட்டத்தில் அதற்கு மன்னிப்பு கிடைப்பது மிகமிக அரிது. மாணவர் விசா எஃப் 1, வேலை விசா எச் 1, அவர்களின் குடும்பத்தாருக்கான எச் 4, நிரந்தரமாக வசிக்க அனுமதிக்கும் கிரீன் கார்டு எல்லாருக்கும் இதே விதிதான்.

மேஜையில் இருப்பவர்கள் பெரும்பாலும் நல்ல மனதோடு வேலை செய்கிற பிள்ளைகள், யார் எந்த விசாவில் இருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. லைசென்ஸ் எடுக்கப் போகிற இடத்திலும் வாக்காளராகப் பதிவு செய்ய விருப்பமா என்று கேட்பார்கள், அங்கேயும் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். கிரீன் கார்டில் இருந்த ஒரு பையன் லைசென்ஸ் அலுவலகத்தில் அவசரத்தில் ஒரு டிக் அடித்தான், பல வருடம் கழித்துக் குடியுரிமை விண்ணப்பத்தில் 'எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்தீர்களா' என்ற கேள்வி வந்தபோதுதான் அவனுக்கே அது நினைவுக்கு வந்தது. அந்தக் குடும்பம் என் எதிரில் உட்கார்ந்திருந்த நாளை நான் மறக்கவில்லை. அறைத்தோழி ஏற்கெனவே கொடுத்துவிட்டாள் என்றால், தேர்தல் அலுவலகத்துக்கு அவளாகக் கடிதம் எழுதுவதற்கு முன்பே ஒரு குடிவரவு வழக்கறிஞரைப் பார்த்துவிடட்டும்.

சரி, இப்போது உங்கள் மகள் விஷயம்.

உங்கள் அண்ணன் மகன் சொன்னது அப்படியே உண்மை. டெக்சாஸில் வாக்குச்சாவடியில் காட்டக்கூடிய படம் போட்ட ஆவணங்கள் ஏழுதான். டெக்சாஸ் ஓட்டுநர் உரிமம், அந்த மாநிலம் தரும் அடையாள அட்டை, வாக்களிப்பதற்கென்றே இலவசமாகத் தரும் ஒரு சான்றட்டை, துப்பாக்கி உரிமம், ராணுவ அடையாள அட்டை, படம் உள்ள குடியுரிமைச் சான்றிதழ், அமெரிக்க பாஸ்போர்ட். இதில் கல்லூரி அட்டை இல்லை, மாநில அரசே நடத்தும் பல்கலைக்கழகத்தின் அட்டையாக இருந்தாலும் இல்லை. வேறு மாநில லைசென்ஸும் இல்லை, ஆக அவள் கையில் இப்போது இருக்கிற இரண்டுமே அந்தப் பட்டியலுக்கு வெளியே.

இந்தப் பட்டியல் 2011-இல் ரிக் பெர்ரி ஆளுநராக இருந்தபோது வந்த சட்டத்தில் பிறந்தது. அப்போதே மாணவர் அட்டையையும் சேர்க்கலாம் என்று சட்டமன்றத்தில் திருத்தம் கொண்டுவந்தார்கள், எடுபடவில்லை. 2012-இல் நீதிமன்றம் சட்டத்தை நிறுத்திவைத்தது. 2013 ஜூனில், டெக்சாஸ் போன்ற மாநிலங்கள் தேர்தல் விதிகளை மாற்ற மத்திய அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டும் என்று இருந்த ஏற்பாட்டை உச்ச நீதிமன்றம் செயலிழக்கச் செய்ததும், டெக்சாஸ் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. 2014-இல் கார்ப்பஸ் கிறிஸ்டி நீதிபதி நெல்வா கொன்சாலஸ் ராமோஸ், பதிவு செய்த வாக்காளர்களில் சுமார் 6 லட்சம் பேரிடம் இந்த ஆவணங்கள் எதுவும் இல்லை என்று தீர்ப்பில் எழுதினார். மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2016-இல் சட்டத்தின் விளைவு பாகுபாடானது என்று சொன்ன பிறகு, 2017-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆவணம் வாங்க முடியாதவர்கள் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மின்கட்டண ரசீது, வங்கிக் கணக்கு அறிக்கை, பிறப்புச் சான்றிதழ் மாதிரி ஒன்றைக் காட்டி வாக்களிக்கலாம் என்று ஒரு வழி திறந்தது. அந்தத் திருத்தத்திலும் மாணவர் அட்டையைச் சேர்க்கவில்லை.

இதை நான் சரி என்று நினைக்கவில்லை, அதை ஒளிக்கவும் விரும்பவில்லை. கல்லூரிக்குக் கல்லூரி அட்டை வேறு மாதிரி இருக்கும், பலவற்றில் காலாவதித் தேதியே இருக்காது, சாவடி அலுவலர் எப்படிச் சரிபார்ப்பார் என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது, ஆனால் அதற்கு விடை வேறு மாநிலங்களில் ஏற்கெனவே இருக்கிறது. வட கரோலினாவில் மாநிலத் தேர்தல் வாரியம் ஒவ்வொரு கல்லூரியின் அட்டையையும் பார்த்து ஒப்புதல் தருகிறது. ஜார்ஜியாவில் அரசுக் கல்லூரி அட்டை செல்லும், தனியார் கல்லூரி அட்டை செல்லாது. விஸ்கான்சினில் அட்டையில் வழங்கிய தேதி, இரண்டு வருடத்துக்குள் முடியும் காலாவதித் தேதி, கையெழுத்து மூன்றும் இருந்தால் ஏற்பார்கள். அதே விஸ்கான்சினின் மேடிசனில் வழக்கமான மாணவர் அட்டை இந்த விதிக்குப் பொருந்தவில்லை என்று வாக்களிப்பதற்கென்றே தனி அட்டையைப் பல்கலைக்கழகம் இலவசமாக அடித்துக் கொடுத்திருக்கிறது. மனமிருந்தால் செய்யலாம். டென்னசி ஆரம்பத்திலிருந்தே மறுக்கிறது. ஐடஹோவில் செல்லுபடியாகிக்கொண்டிருந்த மாணவர் அட்டையை 2023 சட்டம் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது, இந்தியானாவும் 2025-இல் அதே மாதிரி சட்டம் போட்டது.

வெளிநாட்டு மாணவர்களிடமும் கல்லூரி அட்டை இருக்கிறதே என்ற வாதமும் அடிக்கடி காதில் விழும். உங்கள் மகளின் அறைத்தோழி டெக்சாஸில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டால் அவளுக்கும் டெக்சாஸ் லைசென்ஸ் தருவார்கள். லைசென்ஸ் வைத்திருப்பதால் ஒருவர் குடிமகன் ஆகிவிடுவதில்லை. யார் குடிமகன் என்பது பதிவு செய்யும்போது பார்க்க வேண்டியது, சாவடியில் பார்ப்பது, பட்டியலில் இருக்கிற ஆள் இவர்தானா என்பதை மட்டும். அந்த வேலைக்குப் படமும் பெயரும் உள்ள மாணவர் அட்டை ஏன் ஆகாது என்பதற்கு இதுவரை எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை. ஆனால் உங்கள் மகள் வரிசையில் நிற்கிற நாளில் என் அபிப்பிராயம் அவளுக்கு உதவாது, கையில் சரியான ஆவணம் இருக்க வேண்டும்.

இங்கேதான் உங்கள் லாக்கர் வருகிறது.

மேலே சொன்ன, காரணம் எழுதிக் கொடுத்து வாக்களிக்கும் வழி இருக்கிறதே, அது ஆவணம் எதுவும் இல்லாமல், நியாயமான தடையால் வாங்கவும் முடியாதவர்களுக்கு மட்டும். உங்கள் மகளுக்கு பாஸ்போர்ட் இருக்கிறது, கையில்தான் இல்லை. அப்படி இருக்கும்போது 'என்னிடம் எதுவும் இல்லை' என்று அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் அது பொய்ச் சத்தியம். அந்த இலவசச் சான்றட்டையும் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்குக் கிடைக்காது. பிறகு என்ன செய்வார்கள் என்றால், ப்ரொவிஷனல் பேலட் என்று ஒரு வாக்கைத் தனி உறையில் போட்டு வாங்கி வைத்துக்கொள்வார்கள், தேர்தல் முடிந்து ஆறு நாளுக்குள் அவள் ஆவணத்தோடு கவுண்டி, அதாவது நம் மாவட்டம் மாதிரியான பகுதியின், வாக்காளர் பதிவு அலுவலகத்துக்குப் போய்க் காட்டினால்தான் அதை எண்ணுவார்கள்.

ஒரு தேர்தலில் காம்பஸ் சாவடி ஒன்றில் உதவிக்கு நின்றிருந்தேன். ஒரு பையன், கழுத்தில் மாட்டிய நாடாவோடு கல்லூரி அட்டையை அப்படியே தூக்கி அலுவலரிடம் நீட்டினான். ஹாஸ்டல் கதவைத் திறப்பதும் சாப்பாட்டுக்குத் தேய்ப்பதும் நூலகத்தில் புத்தகம் எடுப்பதும் அதே அட்டைதான், ஓரமெல்லாம் தேய்ந்து போயிருந்தது. அலுவலர் வயதான அம்மா, சுவரில் ஒட்டியிருந்த ஏழு படங்களைக் காட்டி, 'இதில் ஒன்று இருக்கிறதா கண்ணு' என்கிற மாதிரி மெதுவாகத்தான் கேட்டார். அவன் ஒவ்வொரு படமாகப் பார்த்தான். பாஸ்போர்ட் படத்தில் விரலை வைத்து, இது வீட்டில் இருக்கிறது என்றான். எந்த வீடு என்றால், எட்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிற அப்பா அம்மா வீடு. ப்ரொவிஷனல் போட்டுவிட்டுப் போனான். ஆறு நாளுக்குள் அது வந்து சேர்ந்ததா என்று எனக்குத் தெரியாது, அந்த வாரம் அவனுக்குத் தேர்வு என்று மட்டும் போகும்போது சொன்னான்.

அதனால் பாஸ்போர்ட்டை அனுப்புங்கள். தொலைந்துவிடும் என்ற பயம் நியாயம்தான், அதற்கும் ஒரு வழி சொல்கிறேன். பாஸ்போர்ட் கார்டு என்று ஒன்று இருக்கிறது, லைசென்ஸ் அளவில் பர்ஸில் வைத்துக்கொள்ளலாம். விமானத்தில் வெளிநாடு போக உதவாது, ஆனால் அமெரிக்கக் குடியுரிமைக்கு முழு ஆதாரம், டெக்சாஸ் வாக்குச்சாவடியில் பாஸ்போர்ட் புத்தகத்துக்குச் சமமாகச் செல்லும். கட்டணம் 30 டாலர். அவளுடைய இப்போதைய பாஸ்போர்ட் 16 வயதுக்கு முன் எடுத்தது என்றால் தபாலில் விண்ணப்பிக்க முடியாது, நேரில் போக வேண்டும், அதற்கு இன்னொரு 35 டாலர். தபால் நிலையங்களில் செய்கிறார்கள், சில பல்கலைக்கழகங்களில் காம்பஸ் உள்ளேயே செய்கிறார்கள். வர சில வாரங்கள் ஆகும், எனவே தேர்தலுக்கு நெருக்கத்தில் போய் விண்ணப்பித்துப் பயனில்லை. அந்தக் கார்டு வந்துவிட்டால் புத்தகத்தை நீங்கள் திரும்ப லாக்கரில் வைத்துக்கொள்ளுங்கள். டெக்சாஸ் அடையாள அட்டையும் எடுக்கலாம், ஆனால் அந்த அலுவலகத்தில் நேரம் கிடைப்பதற்கே சில ஊர்களில் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது, அவளுக்கு நான் கார்டைத்தான் சொல்வேன். இன்னொரு ஆறுதல், 18 முதல் 69 வயது வரை உள்ளவர்கள் காலாவதியாகி நான்கு வருடம் தாண்டாத ஆவணத்தையும் காட்டலாம். பாஸ்போர்ட்டில் ஆஸ்டின் முகவரி இல்லையே என்றும் கவலை வேண்டாம், முகவரி பொருந்த வேண்டிய அவசியம் இல்லை.

பெயர் பொருந்த வேண்டும். நம் வீடுகளில் இதுதான் தலைவலி. அப்பா பெயர் கடைசிப் பெயராக, சில தாள்களில் நடுப்பெயராக, சில இடத்தில் வெறும் இனிஷியலாக, ஒரே நீளப் பெயர் இரண்டாக உடைந்து என்று எத்தனையோ விதமாகப் பார்த்திருக்கிறேன். சட்டம் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கச் சொல்லவில்லை, கணிசமாக ஒத்திருந்தால் போதும், அப்போது அதே ஆள்தான் நான் என்று ஒரு கட்டத்தில் குறித்துவிட்டு வாக்களிக்கலாம். ஆனாலும் பதிவுப் படிவத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எது கடைசிப் பெயர், எது முதல் பெயர் என்பது உட்பட, பார்த்து எழுதச் சொல்லுங்கள். வாக்காளர் சான்றிதழ் தபாலில் வந்ததும் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

அடுத்து, அங்கே போடுவதா, இங்கே போடுவதா. இரண்டும் சட்டப்படி சரி, இரண்டிலும் போடுவதுதான் குற்றம். படிக்க வந்த பிள்ளைக்கு இந்த ஊரில் என்ன உரிமை என்று கேட்பவர்கள் உண்டு, அந்தச் சண்டை டெக்சாஸில்தான் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஹூஸ்டனுக்கு வடமேற்கே வாலர் கவுண்டியில் ப்ரேரி வியூ என்ற கறுப்பின மாணவர்களின் பல்கலைக்கழகம் இருக்கிறது. 18 வயதில் வாக்குரிமை தந்த 26-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1971-இல் வந்த பிறகும், அங்கிருந்த பதிவாளர் மாணவர்களுக்கு மட்டும் தனியாக ஒரு கேள்வித்தாள் கொடுத்தார். இங்கே சொத்து இருக்கிறதா, படிப்பு முடிந்த பிறகும் இங்கேயே இருப்பாயா என்றெல்லாம் கேட்டார். அது செல்லாது என்று வந்த தீர்ப்பை 1979-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. உங்கள் மகள் ஆஸ்டினைத் தன் ஊர் என்று உண்மையாக நினைத்து அங்கே வாழ்கிறாள் என்றால் அங்கே பதிவு செய்ய அவளுக்கு முழு உரிமை உண்டு, அதை நினைத்து நீங்கள் தயங்க வேண்டாம். அதனால் உங்கள் வருமான வரிக் கணக்கில் அவள் உங்களைச் சார்ந்தவள் என்பது மாறாது, மத்திய அரசின் கல்வி உதவியும் போகாது.

வீட்டு முகவரியிலேயே போடலாம் என்ற உங்கள் யோசனையும் நல்லதுதான், வேலை குறைவு என்று பார்த்தால் அதுதான் சுலபம். நியூ ஜெர்சியில் காரணம் எதுவும் சொல்லாமல் எல்லாரும் தபால் வாக்கு கேட்டு வாங்கலாம். டெக்சாஸில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குத்தான் அப்படி, இளைஞர்கள் ஊரில் இல்லை, உடல்நலமில்லை என்று சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்று காட்ட வேண்டும். 2021 சட்டத்துக்குப் பிறகு டெக்சாஸ் தபால் வாக்கு உறையில் அடையாள எண் எழுதவும் வேண்டும், பதிவில் உள்ளதோடு அது ஒத்துப்போகவும் வேண்டும். 2022 மார்ச்சில், கட்சிகளின் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்க நடந்த முன்தேர்தலில் (பிரைமரி), அந்த எண் குழப்பத்தாலேயே பெரும்பாலும் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தபால் வாக்குகள் எண்ணப்படாமல் போயின.

ஆனால் எங்கே போடுவது என்பதை அவளே முடிவு செய்யட்டும், அம்மா அப்பா முடிவு செய்ய வேண்டாம் என்பது என் வேண்டுகோள். நான்கு வருடம் அவள் நடக்கப் போகிற தெரு, ஏறப் போகிற பேருந்து, கட்டப் போகிற வாடகை எல்லாம் அங்கே. அவள் ஆஸ்டின் என்று சொல்வதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

அங்கே என்றால் செய்ய வேண்டியது இதுதான். டெக்சாஸில் ஆன்லைனில் தனியாகப் பதிவு செய்ய முடியாது, தாள் படிவத்தில் பேனாவால் கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்ப வேண்டும், அல்லது கவுண்டியில் பயிற்சி பெற்ற தன்னார்வப் பதிவாளர் யாரிடமாவது கொடுக்க வேண்டும். தேர்தலுக்கு 30 நாள் முன்பே கடைசித் தேதி, நியூ ஜெர்சியில் 21 நாள் என்பதால் இங்கிருந்து போகிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். டெக்சாஸ் லைசென்ஸ் எண் கேட்கும் இடத்தில் நியூ ஜெர்சி எண்ணை எழுதக் கூடாது, சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை அதற்குரிய கட்டத்தில் எழுதினால் போதும். வசிக்கும் முகவரிக்கு ஹாஸ்டலின் தெரு முகவரி, தபால் பெட்டி எண் அல்ல. அடுத்த வருடம் ஹாஸ்டலை விட்டு அபார்ட்மென்டுக்கு மாறினால் முகவரியையும் மாற்ற வேண்டும், இதைப் பிள்ளைகள் கட்டாயம் மறப்பார்கள். அப்புறம், நியூ ஜெர்சியில் லைசென்ஸ் எடுக்கும்போதே வேண்டாம் என்று சொல்லாவிட்டால் வாக்காளர் பதிவும் தானாக நடந்துவிடும். அவள் பெயர் ஏற்கெனவே உங்கள் எடிசன் இருக்கும் மிடில்செக்ஸ் கவுண்டி பட்டியலில் இருக்கலாம். இரண்டு இடத்தில் பெயர் இருப்பதே குற்றமில்லை, ஆனாலும் அங்கே பதிவானதும் இங்கே நீக்கச் சொல்லி அவள் ஒரு கடிதம் போட்டுவிடட்டும்.

ஆஸ்டின் இருக்கும் டிராவிஸ் கவுண்டியில் கவுண்டிக்குள் எந்தச் சாவடியிலும் வாக்களிக்கலாம், முன்கூட்டியே வாக்களிக்கும் நாட்களும் உண்டு. முதல் முறை என்பதால் அந்த நாட்களிலேயே போகச் சொல்லுங்கள், ஏதாவது ஆவணச் சிக்கல் என்றாலும் திரும்பி வந்து போட நேரம் இருக்கும். விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, போவதற்கு முந்தைய வாரம் டெக்சாஸ் மாநிலச் செயலர் அலுவலகத்தின் தளத்தில் பட்டியலை இன்னொரு முறை பார்க்கட்டும்.

தேங்க்ஸ்கிவிங்குக்கு வீட்டுக்கு வரும்போது பாஸ்போர்ட்டை எடுத்துக்கொள்ளட்டும் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். தேர்தல் நவம்பர் முதல் வாரத்தை ஒட்டி வரும், தேங்க்ஸ்கிவிங் நான்காம் வியாழன். இந்தச் சனிக்கிழமை பேங்க் திறந்திருக்கும்போதே போய் எடுத்து, கையெழுத்து வாங்கிக் கொடுக்கும் தபாலில், அவள் அறையில் இருக்கும் நாள் பார்த்து அனுப்பிவிடுங்கள்.